இருபதுக்கு நாற்பது

முதலில் சீனித்தம்பியர் வரம்பு கட்டினார்.
நான் வாழைச்சேனைக்குப் போய் வருவதற்குள்
நாலு பக்கமும், முழங்கால் உயரத்தில்,
மண்வெட்டியின் முதுகால் தட்டி மெழுகிய
அழகான வரம்பு.
"ஒரு சொட்டுத் தண்ணி வெளியே போகாது" என்றார்.
அதுதான் பிழை என்று சொல்ல
எனக்கு ஒரு பிளேன்ரீ முடியும்வரை ஆனது.

வயல் நீரைப் பிடிக்க வேணும்.
இது விட வேணும்.
நடுவை ஒரு சாண் உயர்த்தி
ஓரத்தை வாவிப் பக்கம் சரித்து
மாரியில் பெய்வதெல்லாம் பெய்த கையோடு
போய்விட வேணும்.
முப்பது போகம் நீருக்குக் கதவடைத்த கை
தன் வரம்பைத் தானே வெட்டியது,
என்னைப் பாராமல்.

அடியில் கிறவல், ரோலர் ஓடி இறுகியது.
மேலே மணல்.
"கல்குடாவில் இருந்துகொண்டு
மணலுக்குக் காசா?" லொறிக்கார ஹயாத்து சிரித்தான்.
கடல் மணல் உருண்டை, ஹயாத்து.
குளம்பின் கீழே
பயறு கொட்டிய சீமெந்துத் தரை.
முந்தனையாற்று மணல்,
பதினேழு கியூப், பெர்மிற்றோடு.
மூன்று விரல் ஆழம்.
நாலானால் குதிரையின் நரம்பு இழுக்கும்,
இரண்டானால் மூட்டில் இடிக்கும்.

வேலிக்கு முட்கம்பி மலிவு என்றார் கடைக்காரர்.
தெங்கம் பலகை கேட்டேன்.
ஆணித் தலை எதுவும் உள்ளே நீட்டாமல்,
மூலைகளை வெட்டி மழுக்கி,
சேணத்தில் இருந்தபடியே கை எட்டும் கொழுக்கியோடு
ஒரு கதவு.

பழைய ஸ்பீக்கர் காந்தங்கள் நாலைக்
குழாயில் கட்டி மேகவதனி இழுத்தாள்.
கூரை ஆணி, தூண்டில், ரின்மீன் மூடி,
துருவேறிய ஒரு சாண் முட்கம்பி.
பித்தளை காந்தத்தில் ஒட்டாது.
அதற்குச் சல்லடை.
வெற்றுக் கோதுகளை அவள் எண்ணவில்லை.
மா ரின் ஒன்றில் தனியே போட்டு
மூடியை இறுக்கினாள்.
மறுபடி இழுக்கத் தொடங்கினாள்.

பங்குனியில் சிட்டு வந்தாள்,
நுவரெலியாப் பந்தயத்தில் இருந்து கழித்துவிட்ட பெட்டை.
இங்கத்தைய வெக்கையில்
முதல் கிழமை முழுக்க நின்று மூச்சு வாங்கினாள்.
கச்சான் எழும்பியதும் புழுதி.
விடிய ஒரு பௌசர், மாலை ஒரு பௌசர்.
கடல் தண்ணி அடிக்கலாமே என்று
பிறகும் ஹயாத்துதான் கேட்டான்.

ஆடியில் ஒரு சனிக்கிழமை.
பாண்காரனின் ஓட்டோ
மதிலுக்கு அப்பால் தன் பாட்டைப் போட,
சிட்டு பக்கவாட்டில் ஒரு பாய்ச்சல்.
ஒன்பது வயதுச் சஞ்சுதா காற்றில் இருந்தாள்,
பிறகு மணலில் இருந்தாள்.
வேலியில் நின்ற தகப்பனின் வாய்
திறந்தபடி.

எழும்பினாள்.
ஹெல்மெற்றுக்குள் இருந்து மணலைக் கொட்டிவிட்டு
"பாண் வாங்கித் தாங்க" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நான்
அவள் விழுந்த இடத்தில் விரலை ஊன்றிப் பார்த்தேன்.
இரண்டு.
சுற்றிச் சுற்றி ஓடிய குளம்புகள்
மணலை வேலியடிக்குத் தள்ளியிருந்தன.
அங்கே ஐந்து, இங்கே இரண்டு,
பார்வைக்கு எல்லாம் ஒரே மட்டம்.
ஒரு கிழமையாக றேக் இழுக்கவில்லை.
பௌசர்காரனோடு கணக்கு,
மகனுக்குக் காய்ச்சல்.
தகப்பன் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.
நான் வாங்கிக்கொண்டேன்.

அன்றிரவு ஓட்டோ லைற்றில்
வேலியடி மணலை நடுவுக்கு இழுத்தோம்.
சீனித்தம்பியரைக் கூப்பிடவில்லை, வந்திருந்தார்.
மூன்று விரல் என்று நான் ஊன்றிக் காட்ட,
பக்கத்தில் தன் கையை ஊன்றினார்.
அவருடைய மூன்று
என் நாலுக்குக் கொஞ்சம் குறைவு.
"ஆருடைய விரல்?" என்றார்.

பதினேழு கியூபையும்
என் விரலால் அளந்திருந்தேன்.
இந்த நாலு மாதத்தில் அதை
ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு பூவரசங் குச்சியை முறித்து
இரண்டு கைக்கும் நடுவில்
ஓர் இடத்தில் கத்தியால் கீறினார்.
இப்போது அது கதவடியில் தொங்குகிறது.
விடிய ஆறு மணிக்கு, பௌசர் வருமுன்,
முப்பது இடத்தில் ஊன்றுகிறேன்.
நேற்று பன்னிரண்டாவது இடத்தில்
கீறல் வெளியே தெரிந்தது.